வளைய வேண்டிய இரும்பும் வளையக் கூடாத இரும்பும்

கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டரில். இடையே 33 கிலோமீட்டர் மலைச்சாலை. வண்டி, ஓட்டுபவர், பின்னால் உட்கார்ந்திருப்பவர், ஒரு மூட்டை எல்லாம் சேர்த்து 300 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த இறக்கத்தில் மோட்டார் சைக்கிள் இழக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 43 லட்சம் ஜூல். பன்னிரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. அடிவாரம் சேர்வதற்குள் அவ்வளவும் எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். கொஞ்சம் காற்றைக் கிழிப்பதில் போகும், கொஞ்சம் டயரில் போகும். மீதியை இஞ்சினும் பிரேக்கும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

அந்தப் பங்கீட்டைப் பெரும்பாலும் கால்களே செய்கின்றன. முன் பிரேக் வலது கைக்கு உரியது; இஞ்சின் பிரேக்கும் பின் பிரேக்கும் கால்களுக்கு. இடது கால் கியரைக் குறைத்தால் இஞ்சின் பிரேக்காக மாறுகிறது: ஆக்சிலேட்டரை விட்ட நிலையில் பிஸ்டன் மூடிய வழியாகக் காற்றை உறிஞ்சத் திணறுகிறது, அந்தத் திணறல் கியர்களின் வழியே பெருகிப் பின் சக்கரத்தைப் பிடித்து இழுக்கிறது. வலது கால் பின் பிரேக்கை மிதிக்கிறது. இடது கால் தன் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் வலது காலின் மேல் சுமை ஏறும். டிரம் சூடாகி விரியும். விரிந்த டிரம்மை எட்டப் பிரேக் ஷூ இன்னும் கொஞ்சம் நகர வேண்டும். லைனிங்கில் உள்ள பசைப்பொருள் சூட்டில் வாயுவை வெளிவிட்டு வழுக்கும். மிதித்தும் பிடிக்கவில்லை என்று மலை ஓட்டுநர்கள் சொல்வது இந்த நிலையைத்தான்.

கீழ் கோத்தகிரியிலிருந்து கோத்தகிரிக்கோ சோலூர்மட்டத்துக்கோ போகிற சாலையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளைவுக்கு வளைவு இந்த வேலை நடக்கிறது. ஆனால் இதையெல்லாம் இயக்கும் உறுப்புகள், கியர் லிவரும் பிரேக் பெடலும், ஒரு சாண் நீளமுள்ள இரண்டு இரும்புத் துண்டுகள். கொஞ்சம் இரும்பு, ஒரு வைஸ், ஒரு கிரைண்டர், வெல்டிங் செட் இருந்தால் வீட்டுக் கொட்டகையிலேயே செய்துவிடலாம், செய்கிறவர்களும் உண்டு. பழைய புல்லட்டுக்கு அசல் பாகம் கிடைக்காமல் செய்கிறார்கள். முழங்கால் மடங்காத ஒருவருக்காகச் செய்கிறார்கள். மழைக்காலத்தில் கம்பூட்ஸ் போட்டு ஓட்டும் தோட்டக்காரருக்காகவும் செய்ய வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தடித்த ரப்பர் முனை கியர் லிவருக்கு அடியில் நுழையாது. பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் இந்த இரண்டு துண்டுகளும் நேரெதிர் விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. இதை அறியாமல் செய்வதுதான் ஆபத்து.

கியர், காலுக்கு வந்தது பிற்பாடுதான். கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் கிராமத்து இளைஞர் ஜி. டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். ஓட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தில் 300 ரூபாய்க்கு அதையே வாங்கினார். பிரித்துப் போட்டு மறுபடி பூட்டியே இயந்திரவியல் கற்றார். தமிழ்நாட்டு வீட்டுப் பட்டறைகளின் வரலாற்றை அந்த ரட்ஜிலிருந்து தொடங்குவது பொருத்தம். அந்தக் காலத்து வண்டிகளில் கியர் மாற்றும் கோல் பெட்ரோல் டாங்க்கின் பக்கத்தில் நிற்கும். ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துத்தான் மாற்ற வேண்டும். மலை வளைவில் ஒற்றைக் கையோடு திரும்புவது எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தின் வெலோசெட் நிறுவனத்தில் ஹரால்ட் வில்லிஸ் 1928 வாக்கில் உருவாக்கிய பொறி இதை மாற்றியது. ஒருமுறை அழுத்தினால் ஒரே ஒரு கியர் மாறும், லிவர் தானாகவே நடுநிலைக்குத் திரும்பும். இன்று உலகெங்கும் மோட்டார் சைக்கிள்களின் கால் கியர் அந்த அடிப்படையில்தான் இயங்குகிறது.

பிரிட்டிஷ் வண்டிகள் அந்த லிவரை வலது பக்கம் வைத்தன. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூரில் உருவான புல்லட்டும் அதே வழக்கத்தோடு வந்தது: வலது காலில் கியர், இடது காலில் பிரேக். முதல் கியருக்கு லிவரை மேலே தூக்க வேண்டும், அடுத்த மூன்றுக்கும் கீழே அழுத்த வேண்டும். கூடவே குட்டியாக இன்னொரு லிவர் உண்டு. முதல் கியர் தவிர எந்தக் கியரில் இருந்தாலும் அதை மிதித்தால் வண்டி நேராக நியூட்ரலுக்கு வந்துவிடும். எளிமையும் பயனும் ஒருசேர அமைந்த இதைப் போன்ற உறுப்பு வேறு வண்டிகளில் பரவாமல் போனது இழப்பே. மைசூரில் ஐடியல் ஜாவா தயாரித்த ஜாவா, யெஸ்டி வண்டிகளில் கியர் லிவரும் கிக்கரும் ஒன்றே. உள்ளே தள்ளி நிமிர்த்தினால் கிக்கர், கீழே இறக்கினால் கியர்.

அமெரிக்கா 1974 செப்டம்பர் முதல் இடது காலில் கியர், வலது காலில் பிரேக் என்று விதி செய்தது. அந்தச் சந்தையை இழக்க விரும்பாத பிரிட்டிஷ் கம்பெனிகள் அவசர அவசரமாக வண்டிக்குக் குறுக்கே ஒரு தண்டை ஓட்டி லிவரைப் பக்கம் மாற்றின; 1975-இன் நார்ட்டன் கமாண்டோ அப்படி வந்ததுதான். இந்தியாவில் வலது கால் புல்லட் இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் வரை விற்பனையில் இருந்தது. ஆகவே ஒரே வீட்டில் அப்பாவின் புல்லட்டும் மகனின் புது வண்டியும் எதிரெதிர் பழக்கத்தோடு நிற்கும். கண்ணால் பார்க்காமலே பாதம் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்விகள். இந்த அகப்புலனுக்கு 1906-இல் பெயர் சூட்டியவர் சார்ல்ஸ் ஷெரிங்டன். பழகிய பாதம் யோசிக்காது. பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து அது கியரை மிதித்துவிடும். பழைய புல்லட்டில் கியரை இடப்பக்கம் கொண்டுவரச் சிலர் வீட்டிலேயே குறுக்குத் தண்டு போடுவது இதனால்தான். அப்படிப் போடும்போது ஒவ்வொரு மூட்டிலும் விடப்படும் அரை மில்லிமீட்டர் ஆட்டம் ஒன்றோடொன்று கூடி, லிவரின் நுனியில் விரல்கட்டை அளவு தொளதொளப்பாகிவிடும். மூட்டுகளைக் குறைப்பதும், இருக்கிற மூட்டுக்குக் கன்மெட்டல் புஷ் கடைந்து போடுவதும்தான் வழி.

அளவெடுப்பு இரும்பில் தொடங்குவதில்லை. ஓட்டப்போகிறவர் தான் வழக்கமாகப் போடும் செருப்பு, ஷூ அல்லது கம்பூட்ஸோடு வண்டியில் உட்கார வேண்டும். இன்னொருவர் வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஃபுட்ரெஸ்டில் பாதத்தை வைத்ததும் கணுக்கால் இயல்பாக எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்து, அட்டையை வெட்டி லிவர் வடிவில் அங்கே பிடித்துப் பார்க்கலாம். சராசரி மனிதக் கணுக்கால் மேல்நோக்கி 20 பாகைதான் மடங்கும், கீழ்நோக்கி 50 பாகை வரை போகும். அழுத்தும் தசை கெண்டைக்கால் தசை, உடலின் முழு எடையையும் தூக்கிப் பழகியது. தூக்கும் தசை அதோடு ஒப்பிட மெலிந்தது. அதனால் லிவரின் நுனியை ஒரு விரல் அளவு கூடுதல் உயரத்தில் வைத்துவிட்டால், ஒவ்வொரு முறை தூக்கும்போதும் தசை தன் வீச்சின் கடைசியில் வேலை செய்யும். பத்து வளைவு தாண்டுவதற்குள் முன்கால் எலும்பின் ஓரம் வலி எடுக்கும். இந்திய வண்டிகளில் பரவலாக உள்ள குதிகால்–முன்கால் இரட்டை லிவர் இந்தச் சிக்கலுக்கு நல்ல விடை: மேலே போனாலும் கீழே வந்தாலும் அழுத்தினால் போதும், தூக்கவே வேண்டாம். கம்பூட்ஸ் போடுகிறவருக்குச் செய்வதானால் இதைத்தான் செய்ய வேண்டும்.

பிரேக் பெடலில் நெம்புகோல் கணக்கு வருகிறது. சுழலும் புள்ளியிலிருந்து பாதம் படும் இடம் 240 மில்லிமீட்டர், பிரேக் ராடு பூட்டிய இடம் 60 மில்லிமீட்டர் என்றால், காலின் 20 கிலோ அழுத்தம் ராடில் 80 கிலோ இழுப்பாகிறது. உட்காரும் தோரணைக்காக ஃபுட்ரெஸ்டைப் பின்னுக்குத் தள்ளிப் பெடலை 180 மில்லிமீட்டராகக் குறைத்தால் நாலு மடங்கு மூன்றாகிவிடும். அதே 80 கிலோவுக்கு இப்போது 27 கிலோ மிதிக்க வேண்டும். பந்தய வண்டி போலப் பின்னால் கால் வைக்கும் அமைப்பை ஆசையாகச் செய்துகொண்டவர்கள், பின் பிரேக் செத்துவிட்டது என்று லைனிங்கை மாற்றிப் பார்ப்பதுண்டு; பழுது லைனிங்கில் இருக்காது. சர்வதேசப் பிரேக் சோதனை விதிகள் மோட்டார் சைக்கிளின் கால் பிரேக்குக்கு 350 நியூட்டன், அதாவது சுமார் 35 கிலோ அழுத்தத்தைத்தான் உச்ச வரம்பாக வைக்கின்றன. அதற்கு மேல் மிதித்தால்தான் நிற்கும் என்ற வண்டி, கணக்கில் தோற்ற வண்டி. பெடலை நீட்டிக்கொண்டே போவதும் கூடாது. விசை பெருகும் அதே அளவுக்கு மிதிக்க வேண்டிய தூரமும் கூடிவிடும்.

அடுத்த கேள்வி எவ்வளவு தடிமன் என்பது. கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் 25 மில்லிமீட்டர் உயரமும் 8 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள எம்.எஸ். (சாதாரண எஃகு) பட்டை. 30 கிலோ அழுத்தத்தில் 240 மில்லிமீட்டர் பெடலின் அடிப்பகுதியில் ஏற்படும் தகைவு சுமார் 86 மெகாபாஸ்கல். சாதாரண எஃகு நிரந்தரமாக வளையத் தொடங்குவது 250-இல். போதுமே என்று தோன்றும். ஆனால் வளைவில் எதிரே காட்டெருமை நிற்கும்போது யாரும் 30 கிலோ கணக்குப் பார்த்து மிதிப்பதில்லை. முழு உடலும் அந்தக் காலில் இறங்கும். 100 கிலோ இறங்கினால் தகைவு 288. பெடல் வளைந்து, அந்த நொடியில் பிரேக் கைவிடும். அதுவே 30 மில்லிமீட்டர் உயரம், 10 மில்லிமீட்டர் தடிமன் என்றால் 100 கிலோவிலும் தகைவு 160-தான். கூடும் எடை 200 கிராமுக்கும் குறைவு. இந்த 200 கிராமில் சிக்கனம் பார்க்கக் கூடாது. பெடல், வளையக் கூடாத இரும்பு.

பட்டையை நிறுத்தி வைத்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். வளைவைத் தாங்கும் திறன் உயரத்தின் இருமடிப்படி மாறுகிறது. உயரத்தைப் பாதியாக்கினால் வலிமை காலாகும். அழகுக்காக வரிசையாகத் துளை போடுவதையும் இதே விதி தீர்மானிக்கிறது. 30 மில்லிமீட்டர் பட்டையின் நடுக்கோட்டில் 10 மில்லிமீட்டர் துளை போட்டால் வலிமையில் 4 சதவீதம்கூடக் குறையாது, ஏனென்றால் வளையும்போது மேல் விளிம்பு இழுபடுகிறது, கீழ் விளிம்பு நசுங்குகிறது, நடுப்பகுதி ஏறக்குறைய சும்மா இருக்கிறது. அதே துளை விளிம்பை ஒட்டி வந்தால் கதை வேறு. துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகும் என்று ஜெர்மன் பொறியாளர் கிர்ஷ் 1898-லேயே கணக்கிட்டுக் காட்டினார். கிரைண்டர் விட்டுச்சென்ற குறுக்குக் கீறலும் சிறிய அளவில் அதே வேலையைச் செய்யும். அரத்தை எடுத்து நீளவாக்கில் இழைத்து, விளிம்புகளை உருட்டிவிட வேண்டும்.

பட்டையை வளைப்பது இந்த மலைக்குப் புதிதல்ல. நீலகிரியில் கோத்தர் பழங்குடியினரின் ஊர்கள் ஏழு; அவற்றில் ஒன்று கீழ் கோத்தகிரியில் இருக்கிறது. தோடர், படுகர், குறும்பர் ஆகியோருக்குத் தேவையான கத்தி, கோடரி, அரிவாள், மண்வெட்டி எல்லாம் கோத்தரின் உலையிலிருந்து வந்தன. பதிலுக்குப் படுகரிடமிருந்து தானியமும், தோடரிடமிருந்து நெய்யும், குறும்பரிடமிருந்து காட்டுப் பொருள்களும் வந்தன. 1909-இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய ஏழு தொகுதி நூலும் கோத்தரின் கொல்லுவேலையைப் பதிவு செய்திருக்கிறது. தெர்மாமீட்டர் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகச் சூட்டை நிறத்தால் அளந்த தொழில் அது. வீட்டுப் பட்டறையில் கியர் லிவரை வளைப்பவர் கற்க வேண்டிய முதல் பாடமும் அதே நிறப்பாடம்தான்.

இரும்பு சுமார் 900 பாகை செல்சியசைத் தாண்டி ஆரஞ்சுச் சிவப்பாகும்போது அதன் உள்ளமைப்பு மாறி, களிமண் போலச் சொன்னபடி கேட்கும். நிறம் மங்கிக் கருஞ்சிவப்பாகும்போது சுத்தியலைக் கீழே வைத்துவிட வேண்டும், மறுபடி உலையில் வைக்க வேண்டும். இன்னும் கொஞ்சந்தானே என்று தட்டிக்கொண்டே போனால் 200-க்கும் 350-க்கும் இடைப்பட்ட சூட்டில் மாட்டிக்கொள்வோம். தேய்த்த இரும்பின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் முதலில் வைக்கோல் மஞ்சளாகவும், பிறகு ஊதாவாகவும், 300 பாகையை ஒட்டி நீலமாகவும் மின்னும் கட்டம் இது. பார்க்க அழகாக இருக்கும். சாதாரண எஃகு அப்போது குளிர்ந்த நிலையைவிட அதிகம் நொறுங்கும் தன்மை கொண்டது. அந்தச் சூட்டில் வளைத்த லிவரின் வெளிவளைவில் முடி போன்ற விரிசல் விழுந்திருக்கலாம். வளைத்ததைத் தண்ணீரில் முக்குவதும் வேண்டாம். காற்றிலோ உமியிலோ மெல்ல ஆறட்டும்.

வெல்டிங் வருவது பெடலின் மிகப் பலவீனமான இடத்தில், அதாவது சுழலும் புஷ்ஷோடு பட்டை சேரும் அடிப்பகுதியில். தகைவு அங்கேதான் உச்சம். பட்டையை வெறுமனே புஷ்ஷின் மேல் ஒட்டவைத்து ஒரு பக்கம் வெல்டிங் அடிப்பது போதாது. பட்டையிலேயே வட்டத் துளை போட்டு, புஷ்ஷை அதனுள் முழுதாக நுழைத்து, இரண்டு பக்கமும் சுற்றி அடிக்க வேண்டும். அப்போது இணைப்பை இரும்பின் வடிவமே தாங்கும், வெல்டிங் துணைக்கு நிற்கும். மழை, பனிமூட்டம் இரண்டும் அதிகமுள்ள ஊரில் வெல்டிங் ராடு டப்பாவைத் திறந்து வைத்தாலே ஈரம் இழுத்துக்கொள்ளும்; அந்த ஈரம் உருகிய உலோகத்துக்குள் ஆவியாகி ஊசித்துளைகளாக உறையும். ராடை அடுப்புச் சூட்டில் நன்றாக உலர்த்தி எடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இனி கியர் லிவர். பெடலுக்குச் சொன்ன எல்லாவற்றையும் இங்கே மறந்துவிடலாம். ஈரத் தார்ச்சாலையில் தேயிலைச் சேறு பட்ட இடத்தில் வண்டி இடதுபுறம் சாய்ந்து விழுந்தால் முதலில் தரையில் மோதுபவற்றில் கியர் லிவரும் ஒன்று. அது வளைந்தால் கல்லின் மேல் வைத்துத் தட்டி நிமிர்த்திக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். வளைய மறுத்தால் மோதலின் விசை லிவரைத் தாண்டி கியர் தண்டுக்குப் போகும், அங்கிருந்து அலுமினிய இஞ்சின் கேஸுக்குப் போகும். வார்ப்பு அலுமினியம் வளையாது, விரிசல் விடும். எண்ணெய் சாலையில் கொட்டும். அதனால் லேத் பட்டறையில் உறுதியான எஃகு என்று இ.என். 8 கம்பியை நீட்டினால் கியர் லிவருக்கு அதை வாங்கக் கூடாது. சாதாரண எம்.எஸ். கம்பியே சரி. நுனிப் பக்கம் கொஞ்சம் மெலித்து, எங்கே வளைய வேண்டும் என்பதைச் செய்பவரே தீர்மானித்துவிடுவது இன்னும் நல்லது. ஃபுட்ரெஸ்ட் மேல்நோக்கி மடங்கும்படி கீல் வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

லிவர் தண்டோடு சேரும் இடத்தில் பல் பல்லாக வெட்டியிருக்கும் ஸ்ப்ளைன் இன்னொரு பொறி. முப்பது பல் இருந்தால் ஒரு பல் நகர்த்துவது 12 பாகை. 150 மில்லிமீட்டர் லிவரின் நுனியில் அது 31 மில்லிமீட்டர். ஒரு பல் ஏற்றினால் உயரம், இறக்கினால் பள்ளம் என்று அலைவது இதனால்தான். நடுவே ஒரு டை ராடு வைத்து, ஒரு முனையில் வலமரை, மறுமுனையில் இடமரை போட்டால், ராடை ஒரு சுற்றுத் திருகும்போது நீளம் 2 மில்லிமீட்டர் மாறும். காலுக்குத் தோதான இடம் கிடைத்ததும் லாக் நட்டை இறுக்கிவிடலாம். ராடும் தண்டின் கையும் லிவர் நடுநிலையில் இருக்கும்போது செங்கோணத்தில் சந்திக்க வேண்டும். 60 பாகையாகச் சாய்ந்திருந்தால் விசையில் 13 சதவீதம் வீணாகும். அதைவிட மோசம், மேலே போகும் கியர் ஒரு மாதிரியும் கீழே வரும் கியர் வேறு மாதிரியும் உறைக்கும். தண்டின் கையைத் தலைகீழாகப் பூட்டிவிட்டால் கியர் வரிசையே தலைகீழாகிவிடும். பந்தயக்காரர்கள் வேண்டுமென்றே செய்வது அது. மலைச்சாலையில் தெரியாமல் நடந்தால் இரண்டாவது கியருக்கு இறங்க நினைத்தவர் நான்காவதில் போய் நிற்பார். ஸ்ப்ளைன் தேய்ந்துவிட்டது என்று லிவரைத் தண்டோடு சேர்த்து வெல்டிங் அடிக்கும் பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. அடுத்த முறை ஆயில் சீல் மாற்ற வேண்டுமானால் தண்டையே அறுக்க வேண்டியிருக்கும்.

சட்டம் இங்கே குறுக்கிடுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் தந்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. உடல் குறைபாடு உள்ளவர் ஓட்டுவதற்காக மாற்றி அமைத்த வண்டிக்குச் சட்டத்திலேயே தனி இடம் உண்டு; அதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறையாக விண்ணப்பிக்க வேண்டும். தேய்ந்த லிவருக்குப் பதில் அதே அளவில் ஒன்று செய்து பூட்டுவது ஒரு விஷயம், பிரேக்கைப் பக்கம் மாற்றுவது முற்றிலும் வேறு விஷயம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சி.சி. வரையிலான வண்டிகளில் பெரும்பாலானவை இணை பிரேக் அமைப்பு கொண்டவை. ஒன்றை மிதித்தால் இரண்டு சக்கரமும் பிடிக்கும். அந்தப் பெடலின் நீளத்தை மாற்றினால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே கம்பெனி வகுத்த பங்கீடு குலையும். அவற்றில் கை வைக்காமல் இருப்பதே சரி.

பூட்டியதும் பார்க்க வேண்டியவை சில. பெடலை விட்டதும் ஸ்பிரிங் அதை முழுதாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்; பாதி வழியில் நின்றால் ஷூ டிரம்மில் உரசிக்கொண்டே இருக்கும், இறக்கம் தொடங்குவதற்கு முன்பே டிரம் சூடாகிவிடும். பிரேக் விளக்கின் சுவிட்ச் புதுப் பெடலுக்கு எட்டுகிறதா என்று சரிபார்க்க வேண்டும். பின்னால் பனிமூட்டத்தில் வருகிறவருக்கு அந்தச் சிவப்பு விளக்கு ஒன்றுதான் தகவல். பிறகு வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, பெடலின் மேல் முழு எடையோடு ஏறி நிற்க வேண்டும். கொட்டகையில் வளையாத பெடலைத்தான் சமதளச் சாலைக்குக் கொண்டுபோகலாம். சமதளத்தில் தேறியதைத்தான் மலைப்பாதைக்கு.

சில வாரம் ஓடிய பிறகு லிவர்களைக் கழற்றி, பழைய ரயில்வே பட்டறைகளில் அச்சுகளுக்குச் செய்த சோதனையை இவற்றுக்கும் செய்யலாம். வெல்டிங்கைச் சுற்றிப் பெயிண்டைச் சுரண்டிவிட்டு, மண்ணெண்ணெயில் அரைமணி நேரம் ஊறவைத்து, வெளியே எடுத்து ஈரம் போகத் துடைத்து, சுண்ணக்கட்டித் தூளைத் தண்ணீரில் குழைத்துப் பூசிக் காயவிட வேண்டும். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைப் பூச்சில் மங்கலான கோடாகத் தெரியும். கோடு தெரிந்த பெடலின் மேல் இன்னொரு வெல்டிங் அடிக்கக் கூடாது. அட்டை அச்சு பத்திரமாக இருந்தால் புதுப் பட்டையில் மறுபடி வரைந்து வெட்டுவதற்கு ஒரு சாயங்காலம் போதும்.